அங்காலை

முதல் வாரம் ஹால்டோர் கேட்டான்,
"இந்த அங்காலை எங்கே இருக்கிறது?"
ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்து
கிளாலி, எழுதுமட்டுவாள், முகமாலை என்று
விரலால் தடவித் தேடினான்.
சுட்டது எங்கிருந்து என்று யாரைக் கேட்டாலும்
அங்காலை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
சாரதி அருளப்புவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அது ஊரில்லை சேர்" என்றேன்,
"நிற்கிற இடத்திலிருந்து மற்றப் பக்கம்."
சிங்களத்துக்கு வந்த விமலசேகர
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
எங்கட ஆக்களும் அதேதான், எஹா பெத்த.
அன்றிலிருந்து அறிக்கைகளில் அந்த ஊர் இல்லை.

பவளராணி வந்தது வைகாசியில்.
குடத்தனையிலிருந்து இரண்டு பஸ் மாறி
காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி
கண்காணிப்புக் குழுவின் வாடகை வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றலாமா விடலாமா என்று நின்றார்.

படிவத்தில் கட்டங்கள்.
திகதி. நேரம். இடம்.
மீறியதாகச் சொல்லப்படும் தரப்பு.

"நாகர்கோவில். எட்டுப் பரப்பு.
ரெண்டு பேற்றை காவலரணுக்கும் நடுவிலை கிடக்கு.
இருபத்தேழு தென்னை.
தேங்காய் தன்பாட்டிலை விழுகுது, பிள்ளை."
ஆர் எடுக்கினம்?
"ஒருத்தரும் எடுக்கேலாது, மிதிவெடி."
அப்ப முறைப்பாடு?
"அதுதான். எழுதுங்கோ."

ஹால்டோர் உடன்படிக்கையை இரண்டுமுறை புரட்டினான்.
தேங்காய் விழுவது எந்தப் பிரிவிலும் இல்லை.
சுடாமல் இருப்பது மீறல் ஆகாது.
பிறகு, இதை நான் மொழிபெயர்க்கவில்லை,
தனக்குத்தானே சொன்னான்:
என்னுடைய தீவில் மரங்கள் குறைவு,
எண்ணுவது கடினமில்லை.

புதன்கிழமை எப்படியும் அங்கே போகிற வேலை.
மண்மூட்டையில் ஏறி நின்று பைனாகுலரைப் பிடித்தான்.
காவலரணில் ஒருத்தன் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தான்,
இன்னொருத்தன், அவனுக்கு இருபது வயதிருக்காது,
என்ன தேடுகிறீர்கள் என்று விமலசேகரவிடம் கேட்டான்.
தென்னை, என்றார்.
அவனும் எண்ணத் தொடங்கினான்.

பதினொன்று.
அதில் தலையோடு நிற்பது மூன்று.
ஹால்டோர் கொஞ்சம் தயங்கி,
"தரையோடு பச்சையாய் ஏதோ நிறைய நிற்கிறதே,
அவையும் கணக்கா?"
விழுந்தவை முளைத்திருந்தன.

அடுத்த கிழமை பவளராணியிடம்
பதினொன்று என்றேன்.
மூன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.
"அப்ப பதினாறு போச்சு" என்றார் உடனே,
விரல் மடிக்காமல்.

கன்றுகளைப் பற்றிச் சொன்னால் முகம் மலரும் என நினைத்தேன்.
"ஒட்ட ஒட்ட நிண்டால் ஒண்டும் காய்க்காது, பிள்ளை.
கிளப்பி, இருபத்தைஞ்சு அடி விட்டு நட வேணும்.
அதையும் எழுதச் சொல்லுங்கோ."

எழுதினோம். குறிப்பு: கன்றுகள் இடம் மாற்றப்பட வேண்டும்.
மேலிடத்திலிருந்து ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வந்தது.

பிறகு ஆவணி வந்தது,
பாதை பூட்டுப்பட்டது,
ஒரே இரவில் எல்லாரும் எல்லாருக்கும் அங்காலை.
ஹால்டோரின் நாட்கள் முடிந்தன. கோப்புகள்
தகரப் பெட்டிகளில் ஏறின. பெட்டிகள் எங்கே என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அருளப்பு ஜீப்பைக் கடைசியாய்க் கழுவினார்,
சில்லுக்குள் இருந்த நாகர்கோவில் மணல்
கானுக்குள் போயிற்று.

குடத்தனைக்கு ஒருமுறை போனேன்.
அந்த வீட்டில் வேறு ஆக்கள்.
பவளராணியோ? முந்தி இருந்தவ. இப்ப
கையை நீட்டினார்கள், கிழக்கே, பொதுவாக.

எட்டு மரம் வெறும் மரம், பவளராணியக்கா.
நான் சொல்லவில்லை.
படிவம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்னிடம்.
திகதி நிரப்பிவிட்டேன்.
நேரம், காலை ஒன்பதே முக்கால்.
தரப்பு என்ற கட்டத்தில்
பேனை வைத்த இடத்தில் மை ஊறிக்கொண்டிருக்கிறது.